தோட்டத்து நாயை ஜொகூர் வரை காடியில் கூட்டிப்போக

பேராக், சுங்கை சிப்புட்டில் இருக்கும் ஒரு அக்கா என்னிடம் கேட்டது இது. மகள் ஜொகூரில் ஸ்கூடாயில் வேலை செய்கிறாள். இந்தத் தீபாவளிக்கு ஒரு வாரம் அங்கே தங்கப் போகிறார்கள். போன வருடம் அவர்கள் நாய் கருப்பனுக்குச் சோறு வைக்கும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனார்கள். நாலு நாள் அவன் வாசலை விட்டு நகரவில்லை, சோற்றையும் தொடவில்லை. இந்த முறை தங்கள் மைவி காரில் அவனையும் கூட்டிப்போக ஆசை. வயது ஆறு. தோட்டத்தில் பிறந்தவன், காடியில் ஏறியதே இல்லை. என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

அக்கா, கால்நடை கிளினிக்கில் இருபது வருடத்துக்கு மேல் உதவியாளராக இருந்தவன் நான். தோட்டத்து லய வீட்டில் பிறந்து வளர்ந்தவனும்கூட. அதனால் கருப்பன் எப்படிப்பட்டவன் என்று நீங்கள் சொல்லாமலே எனக்குத் தெரியும். காலையில் வீட்டுப் பெரியவர் பின்னால் செம்பனைக் காட்டுக்குப் போவான், மத்தியானம் வீட்டு முன்தாழ்வாரத்தில் படுத்திருப்பான், சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகளோடு திரும்பி வருவான். அவன் கழுத்தில் பட்டை இருந்திருக்காது, இருந்தாலும் கயிறு இருந்திருக்காது. நாலு பக்கமும் மூடிய இடத்தில் அவன் ஒரு மணி நேரம்கூட இருந்ததில்லை.

பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. பட்டணத்து நாய்க்குப் பயணம் என்றால் பை கட்டுவது. தோட்டத்து நாய்க்கு, அடைபட்டு இருக்கப் பழகுவது. பை கட்ட அரை மணி நேரம் போதும். பழக்க மூன்று வாரம் வேண்டும். தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்றால் சரியான நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள்.

முதல் வாரம் காடியை எங்கும் ஓட்ட வேண்டாம். வீட்டு முன்னால் நிழலில் நிறுத்தி, நாலு கதவையும் திறந்து வையுங்கள். அவன் சாப்பாட்டுத் தட்டைக் காடிக்குப் பக்கத்தில் வையுங்கள், மறுநாள் காடியின் வாசற்படியில், அதற்கு மறுநாள் பின்சீட்டில். தூக்கி உள்ளே போடக் கூடாது. ஒரு முறை பயந்துவிட்டால் அந்தப் பயத்தை எடுக்க இரண்டு வாரம் போய்விடும். அவனாக ஏறி, அவனாக இறங்கட்டும். இதே வாரத்தில் ஹார்னஸ் மாட்டிப் பழக்குங்கள். நான் சொல்வது மார்பையும் முதுகையும் சுற்றிக் கட்டும் பட்டை. கழுத்துப் பட்டை மட்டும் போதாது. மிரண்டு பின்னால் இழுத்தால் நாய் அதிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும், தலை குறுகின நம்ம ஊர் நாய்கள் இன்னும் சுலபமாக உருவிக்கொள்ளும்.

இரண்டாவது வாரம் கதவைச் சாத்தி, இன்ஜினைப் போட்டு, ஏர்கான் ஓட விட்டு ஐந்து நிமிடம் அவனோடு உட்காருங்கள். அப்புறம் திடல் வரை, பாசார் (சந்தை) வரை ஓட்டிப் போங்கள். மூன்றாவது வாரம் கோலகங்சார் வரை போய்த் திரும்புங்கள். முதல் நாலு ஓட்டமும் ஊசி போடும் கிளினிக்குக்காக இருக்கக் கூடாது. ஆற்றங்கரைக்கோ அவனுக்குப் பிடித்த யார் வீட்டுக்கோ போங்கள். காடி என்றாலே ஊசி என்று மனதில் பதிந்துவிட்டால் அப்புறம் மாற்றுவது கஷ்டம்.

இந்தச் சின்ன ஓட்டங்களில் அவன் வாயைக் கவனியுங்கள். எச்சில் நூலாக ஒழுகுவது, அடிக்கடி கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது எல்லாம் வாந்திக்கு முந்தின அடையாளம். குட்டிகளுக்கு இது அதிகம், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு அவற்றுக்கு முழுசாக வளர்ந்திருக்காது. வளர்ந்த நாய்க்குப் பெரும்பாலும் பயத்தால் வருவது, பழகப் பழகக் குறையும். குறையவில்லை என்றால் மருத்துவரிடம் கேளுங்கள், மாரோபிடன்ட் என்ற மாத்திரை இருக்கிறது. பயண வாந்திக்கென்றே நாய்க்குச் செய்தது. கிளம்புவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னால் கொடுக்க வேண்டும்.

தூங்க வைத்துக் கூட்டிப்போகலாமா என்று பலர் கேட்பார்கள். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சில மயக்க மருந்துகள் உடம்பைத்தான் கட்டிப்போடும், பயம் உள்ளே அப்படியே இருக்கும். ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடம்பு தன் சூட்டைத் தானே சரிசெய்துகொள்ளும் சக்தியையும் கெடுக்கும். நம்ம வெயிலில் அது ஆபத்து. வீட்டில் இருக்கும் மனிதர் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பனடோலும் வேண்டாம். இடுப்பு வலிக்கு நாம் போடும் இப்யூபுரோஃபன் வேண்டவே வேண்டாம், அது நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

இப்போது மருத்துவரிடம் போகும் வேலை. தடுப்பூசி பாக்கி இருந்தால் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னாலாவது போட்டுவிடுங்கள், உடனே பலன் வராது. எலிக்காய்ச்சலுக்கான ஊசியும் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். செம்பனைத் தோட்டத்தில் எலி இல்லாத இடம் கிடையாது. உண்ணி மருந்தும் முக்கியம். நம்ம பக்கத்து நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் சாதாரணமாக வருவது. பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், பயணக் களைப்பில் திடீரென்று படுத்துவிடும். ஈறு வெளுத்திருக்கிறதா, காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நாயின் உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி வரை இருக்கும், அது நம்மைவிடக் கூடுதல்தான், தொட்டுப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வெறிநாய் ஊசியைப் பற்றியும் அங்கேயே கேளுங்கள். மலேசியா 2012-இல் ரேபிஸ் இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் அது திரும்ப வந்தது. 2017-இல் சரவாக்கில் தொடங்கிப் பல உயிர்களைக் குடித்தது. போகிற இடத்தில் கருப்பன் பயத்தில் யாரையாவது கடித்துவிட்டால் முதல் கேள்வி ஊசிச் சீட்டு எங்கே என்பதுதான்.

நாய் லைசென்ஸ் எடுக்காமல் கிளம்பாதீர்கள் அக்கா. தோட்டத்தில் யாரும் கேட்பதில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் நகராண்மைக் கழகத்தில் எடுத்து அந்தத் தகட்டைப் பட்டையில் மாட்டுங்கள். ஜொகூரில் அவன் எப்படியாவது வெளியே ஓடிவிட்டால், தகடு இல்லாத நாய் தெருநாய்தான், நாய் பிடிப்பவர்கள் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். தகட்டோடு இரண்டு கைப்பேசி எண்களும் இருக்கட்டும். ஒன்று உங்களுடையது, இன்னொன்று மகளுடையது. மைக்ரோசிப்பும் போட்டுக்கொள்ளலாம், பட்டை கழன்றாலும் அது உடம்பில் இருக்கும். முன்னால், பக்கவாட்டில், உடம்பில் இருக்கும் தழும்பு தெரிகிற மாதிரி நாலைந்து படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடிவிட்டால் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல வருடம் முன்னால் எங்கள் நாய் மணியைக் கூட்டிக்கொண்டு பழைய சாலை வழியாகக் கோலாலம்பூர் போய்க்கொண்டிருந்தோம். சிலிம் ரிவர் தாண்டி ஒரு எண்ணெய் நிலையத்தில் நிறுத்தினோம். என் மகன் கழிவறைக்குப் போக வேண்டும் என்று பின்கதவைத் திறந்தான். திறந்த அந்த நொடியில் மணி அவன் கால் இடுக்கில் பாய்ந்து, சாலையைக் கடந்து, எதிரே இருந்த செம்பனைக்குள் போய்விட்டான். கத்திக் கூப்பிட்டோம். கூப்பிடக் கூப்பிட இன்னும் உள்ளே ஓடினான். அவன் லாரியில் அடிபடாமல் கடந்ததே பெரிய விஷயம். ஐந்து மணி நேரம் அங்கேயே இருந்தோம். அங்கே வேலை செய்த ஒரு மலாய்க்கார அண்ணன்தான், தேடி அலையாதே, நீ நிற்கிற இடத்திலேயே இரு, அவன் உன்னைத் தேடி வருவான் என்றார். நான் போட்டிருந்த சட்டையைக் கழற்றி ஓரத்தில் போட்டுவிட்டு, கதவைத் திறந்து வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்கிற நேரத்தில் மெல்ல மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து சட்டை மேல் படுத்தான். அன்றைக்கு அழுததை இன்னும் மறக்கவில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே சட்டம். நாய் காடியில் இருந்தால் எந்தக் கதவையும் யாரும் தானாகத் திறக்கக் கூடாது. கயிறு ஒருவர் கையில் இருக்க வேண்டும், அவர் ‘பிடிச்சிட்டேன்’ என்று வாயால் சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் கதவு. பிள்ளைப் பூட்டு இருந்தால் போட்டுவையுங்கள். கண்ணாடியையும் அவன் தலை நுழைகிற அளவுக்கு இறக்க வேண்டாம்.

காடிக்குள் அவன் இருக்கும் இடம். மைவி என்றால் பின்சீட்டின் முதுகை மடக்கிக் கூண்டு வைக்கலாம். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதற்கு மேல் ஒரு சாண் விட்டுக் கூண்டு வாங்குங்கள். எழுந்து நிற்கவும், சுற்றித் திரும்பவும், நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும், அதற்கு மேல் பெரிசாக இருந்தால் உள்ளே உருளுவான். கூண்டையும் சீட்டு பெல்ட்டோ கயிறோ போட்டு அசையாமல் கட்டுங்கள். கூண்டு பிடிக்காத நாய் என்றால் பின்சீட்டில் ஹார்னஸோடு பெல்ட்டில் மாட்டும் குறுகிய பட்டை கிடைக்கிறது, அதை வாங்குங்கள். கழுத்துப் பட்டையில் மாட்டக் கூடாது, பிரேக் அடித்தால் கழுத்து போய்விடும். முன்சீட்டு வேண்டாம், ஏர்பேக் வெடித்தால் தாங்க மாட்டான்.

மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள், எனக்குத் தெரியும். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு 30 மீட்டர். அந்த வேகத்தில் மோதி நின்றால் 15 கிலோ நாயை எந்தக் கையும் பிடித்து வைக்காது. அவன் முன்கண்ணாடிக்குப் போவான், போகிற வழியில் ஓட்டுகிறவர் தலையிலும் மோதலாம். அதே காரணத்துக்காகத்தான் ஹைலக்ஸ் பிக்கப்பின் திறந்த பின்பக்கத்தில் நிற்க வைத்துக் கட்டிக்கொண்டு போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். தோட்டத்து மண் சாலையில் மெதுவாகப் போகும்போது நடந்தது நெடுஞ்சாலையில் நடக்காது. குதித்தால் கயிற்றில் தொங்குவான். சாகா மாதிரி மூடிய டிக்கி உள்ள காடியில் டிக்கியில் போடுவதை நினைத்தே பார்க்க வேண்டாம்.

இனி வெயில். பயணத்தில் நாய் சாவதற்கு நான் கிளினிக்கில் கண்ட முதல் காரணம் விபத்து அல்ல, சூடு. நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது. நாக்கை நீட்டி மூச்சு வாங்கி, அந்த ஈரம் காய்வதில்தான் சூட்டை இறக்கும். நம்ம நாட்டுக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் அதுவும் சரியாக நடக்காது. நிறுத்திய காடியில் பத்தே நிமிடத்தில் வெளியே இருப்பதைவிட 10 டிகிரி கூடிவிடும், அரை மணி நேரத்தில் 19 டிகிரி வரை. வெளியே 32 என்றால் உள்ளே 50 ஆகிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் ‘ரெண்டு நிமிஷம்தானே, ஒரு தே தாரேக் கட்டிக்கிட்டு வந்துடுறேன்’ என்பது கூடாது. பெரியவர்கள் இருவராவது போக வேண்டும், ஒருவர் சாப்பிட ஒருவர் அவனோடு இருக்க வேண்டும். எண்ணெய் போடும்போது இன்ஜினை நிறுத்த வேண்டும் அல்லவா, அப்போதும் ஒருவர் அவனை இறக்கி நிழலில் வைத்திருக்கட்டும். விலங்கு நலச் சட்டம் 2015 நம் நாட்டில் இருக்கிறது. விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை. ஆனால் சட்டத்துக்குப் பயந்து இல்லை, அவன் நம்மை நம்பி ஏறியவன் என்பதற்காகச் செய்ய வேண்டியது இது.

மூச்சு வாங்குவது நிற்காமல் சத்தமாக இருந்தால், எச்சில் கெட்டியாக ஒட்டினால், ஈறு செக்கச் சிவந்திருந்தால், நடை தள்ளாடினால் சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம். 41 டிகிரி தாண்டினால் உயிர் ஆபத்து. கிளினிக் தேடி ஓடுவதற்கு முன்னால் குளிர வையுங்கள். நிழலுக்குத் தூக்கிப் போய், சாதாரணக் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க, வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத் துணியைப் போர்த்தி அப்படியே விடாதீர்கள், அது சூட்டை உள்ளே பிடித்து வைக்கும். மயங்கியிருந்தால் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அப்புறம் ஏர்கானை முழுசாக வைத்து மருத்துவரிடம். இதற்காகக் காடியில் எப்போதும் ஐந்து லிட்டர் தண்ணீர் தனியாக இருக்கட்டும்.

கிளம்பும் நேரத்தை விடியற்காலை நாலு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூடாய்க்கு 550 கிலோமீட்டர் போல வரும். விடியும் முன்னால் தாப்பா ஆர் அண்ட் ஆர் (நெடுஞ்சாலை ஓய்விடம்), எட்டு மணிவாக்கில் சிரம்பான், பத்து மணிக்குப் பாகோ, பகல் சாப்பாட்டுக்கு மகள் வீடு. இது சாதாரண நாள் கணக்கு. தீபாவளிக்கு முதல் நாள் கிளம்பினால் வழியிலேயே வெயில் ஏறிவிடும். இரண்டு நாள் முன்னாலேயே போய்விடுங்கள், முடிந்தால் ஒரு வார நாளில். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் நடக்க விட்டால் போதும். ஏர்கானை முந்தின வாரமே பட்டறையில் காட்டுங்கள், பின்பக்கம் கூண்டு வரை காற்று போகிறதா என்று உங்கள் கையை வைத்துப் பாருங்கள். வெயில் படும் பக்கம் கண்ணாடியில் திரை போடுங்கள்.

சாப்பாடு கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்னால் முடிந்துவிட வேண்டும். நாலு மணிக்குக் கிளம்பினால் ராத்திரிச் சோறோடு சரி. வழியில் தண்ணீர் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக, வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீரே நல்லது. ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 50, 60 மில்லி வேண்டும், 15 கிலோ நாய்க்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர். அவன் படுக்கும் சாக்கையோ பழைய கைலியையோ துவைக்காமல் கூண்டில் போடுங்கள். புதுப் படுக்கையைவிட அந்த வாசனைதான் அவனை அமைதியாக வைக்கும்.

ஆர் அண்ட் ஆரில் ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும். அங்கே இருப்பவர்களில் பாதிக்கு மேல் முஸ்லிம்கள். நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் அவர்கள் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரில். தொழுகைக்குப் போகிறவருக்கு அது எவ்வளவு சங்கடம் என்று நினைத்துப் பாருங்கள். சூராவ் (தொழுகை அறை) பக்கமும் சாப்பாட்டுக் கடை பக்கமும் போகாமல், காடி நிறுத்தும் இடத்தின் கடைசி ஓரத்தில் நிறுத்துங்கள். கயிற்றைக் கைக்கெட்டும் தூரத்துக்குச் சுருக்கிப் பிடியுங்கள், மலத்தைப் பையில் எடுத்துவிடுங்கள். கூட்டம் பிடிக்கவில்லை என்றால் இடையிடையே வரும் ஹெந்தியான் என்னும் சின்ன நிறுத்தங்களில் நிறுத்தலாம், ஆள் குறைவு. இத்தனை வருடத்தில் நாங்கள் ஒதுங்கி நின்றபோது ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை.

ஓரத்தில் செம்பனை இருக்கிறதே என்று அவிழ்த்துவிடாதீர்கள். எலிக்கு வைக்கும் விஷக் கட்டிகள் மரத்தடியில் கிடக்கும், வெட்டிப்போட்ட மட்டைக்குள் நாகம் படுத்திருக்கும். சுங்கை சிப்புட்டில் அவனுக்கு ஒவ்வொரு மரமும் தெரியும், தாப்பாவில் தெரியாது. கிளம்புவதற்கு முந்தின வாரம் உங்கள் தோட்டத்தில் எலி மருந்து வைத்தார்களா என்றும் மண்டோரிடம் (தோட்ட மேற்பார்வையாளரிடம்) கேட்டுக்கொள்ளுங்கள். அந்த விஷம் ரத்தத்தை உறைய விடாது, சில நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும், நீங்கள் நடுவழியில் இருப்பீர்கள்.

மகள் வீடு தரை வீடா அடுக்குமாடியா என்று நீங்கள் சொல்லவில்லை. அடுக்குமாடி என்றால் நிர்வாகத்திடம் இப்போதே கேட்கச் சொல்லுங்கள், பல இடங்களில் நாயை விடுவதில்லை. போய்ச் சேர்ந்ததும் கயிற்றோடு வீட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு ஒரு அறையில் அவன் சாக்கைப் போடுங்கள். முதல் மூன்று நாள் வேலிக்குள்ளும் கயிறு இல்லாமல் விட வேண்டாம். தீபாவளி ராத்திரி வெடிச் சத்தம் தொடங்கும் முன்னாலேயே அவனை உள்ளறையில் விட்டு, ஜன்னலைச் சாத்தி, விசிறியையும் ரேடியோவையும் போட்டு, யாராவது ஒருவர் கூடவே இருங்கள். தெரியாத ஊரில் வெடிக்கு மிரண்டு ஓடும் நாய் வீட்டுக்கு வழி கண்டுபிடிக்காது. ஆட்டிறைச்சிக் குழம்பின் எலும்பு, வெங்காயம், பூண்டு, சாக்லேட், பாயசத்தில் போடும் உலர்திராட்சை எதுவும் அவன் வாய்க்குப் போகக் கூடாது என்று வருகிற பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெந்த எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும், திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

மூன்று வாரம் பழக்கியும் கதவைச் சாத்தினாலே நடுங்குகிறான், எச்சில் ஒழுகுகிறது என்றால் இந்த வருடம் விட்டுவிடுங்கள் அக்கா. பக்கத்து வீட்டுக்காரரை இப்போதிருந்தே தினமும் அவர் கையாலேயே சோறு வைக்கச் சொல்லுங்கள், ராத்திரி உங்கள் வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்காரவும் சொல்லுங்கள். போன வருடம் அவன் சாப்பிடாமல் கிடந்தது சோறு பிடிக்காமல் இல்லை, அதை வைத்த கை அவனுக்குத் தெரியாததால்தான். முதல் வாரப் பழக்கத்தை முடித்துவிட்டு எப்படி இருந்தான் என்று சொல்லுங்கள். அவன் நீளத்தையும் எடையையும் அளந்து சொன்னால் எந்த அளவுக் கூண்டு மைவியில் நுழையும் என்று பார்த்துச் சொல்கிறேன்.